எண்ணெய் வைத்த ஐந்து டிரம்

ஸ்ரீரங்கத்தில் எனக்கு வேலை அரிசியை மோந்து பார்ப்பது. மூட்டையும் இறக்கினேன், பந்தியில் இலை போட்டேன், எச்சில் இலை எடுத்தேன். அதையெல்லாம் யாரும் செய்யலாம். என்னை அங்கே வைத்துக்கொண்டது மூக்குக்காக.

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். யாரும் நிறுத்தவில்லை. ஒரு திங்கட்கிழமை போகவில்லை, பிறகு போகவே இல்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் எரு அள்ளினேன், கொஞ்ச காலம் லாரியில் கிளீனராக இருந்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் இருக்காது. ஒருநாள் காலையில் பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஓர் அரிசி மண்டியில் மூட்டை தைக்கச் சேர்ந்தபோதுதான் என் மூக்கு மற்றவர்கள் மூக்கு மாதிரி இல்லை என்று தெரிந்தது. மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே குத்தி அரிசி எடுக்கிற குத்தூசி மண்டிகளில் இருக்கும். எடுத்த அரிசியை உள்ளங்கையில் மூடி, வாயால் இரண்டு முறை ஊதிச் சூடாக்கி, விரலிடுக்கில் மூக்கை வைக்க வேண்டும். நனைந்து காய்ந்த அரிசி, மேலே நன்றாக இருந்து அடியில் பூஞ்சை பிடித்த அரிசி, எல்லாம் எனக்கு அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். முதலாளியே மற்றவர்கள் சரக்கை வாங்குவதற்கு முன் என்னைக் கூப்பிடுவார்.

அந்த மண்டிக்கு அரிசி வாங்க வந்தவர் ஸ்ரீரங்கத்துச் சமையல்காரர் ஒருவர். சமையலைத் தளிகை என்பது வைணவர்கள் வழக்கம். நாங்கள் அவரைத் தளிகை சாமி என்போம். ஐம்பது வயது இருக்கும். நான் மோந்து பார்த்து ஒரு மூட்டையைத் தள்ளி வைத்ததைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

“ஓய், அந்த மூக்கை எனக்குத் தாரும். மூட்டை தைக்க இங்கே நூறு பேர் இருக்கா” என்றார்.

அவர் இருந்தது உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், யாரோ எப்போதோ தர்மத்துக்கு எழுதிவைத்த வீட்டில். தினமும் மதியம் நாற்பது ஐம்பது பேருக்கு அங்கே சாப்பாடு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்திருப்பவர்கள், பூ கட்டுகிறவர்கள், கோயில் பார்க்க வந்து ஊருக்குத் திரும்பாமல் நின்றுவிட்டவர்கள். சமைத்ததை முதலில் வீட்டிலிருக்கும் பெருமாளுக்குக் காட்டிய பிறகுதான் பந்தி.

அப்படிக் காட்டுவதற்கு முன்னால் சமைத்ததை ருசி பார்க்கக் கூடாது, மோந்தும் பார்க்கக் கூடாது. இது அங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம். தளிகை சாமி இன்னும் ஒரு படி மேலே. அவருக்கு, நாளைக்கு அடுப்புக்கு வரப்போகிற அரிசியே பெருமாளுடையதுதான். வெளி அறையில் கிடக்கும் மூட்டைப் பக்கம்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டுதான் போவார். ஆனால் கெட்ட அரிசியைப் பெருமாளுக்கு வைக்கவும் முடியாதே. அதனால் அடுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு மூக்கு அவருக்குத் தேவையாக இருந்தது.

வெளி அறை அரிசிக்கும் எனக்கும். தினமும் சாயங்காலம் மறுநாளைக்கு வேண்டிய அரிசியை அளந்து வைத்து மோந்து பார்ப்பேன். உள்ளேயிருந்து “ஆச்சா?” என்பார். “ஆச்சு சாமி” என்பேன். அதற்குப் பிறகுதான் அரிசி உள்வாசலைத் தாண்டும்.

“உம்ம மூக்குக்குத்தான் ஓய் சம்பளம். கை காலெல்லாம் பெருமாளுக்கு இனாம்” என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொல்வார்.

அங்கே நான் வருஷக் கணக்கில் தங்கிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளக் கதவு இருந்த முதல் அறை எனக்கு அங்கேதான் கிடைத்தது.

பிறகு அந்தப் பெரிய காய்ச்சல் வந்தது. கோயிலே மூடிக் கிடந்த வருஷம். பந்தி கிடையாது, பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். எனக்கும் காய்ச்சல் கண்டது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு நாள் கிடந்தேன். இரண்டு பக்கமும் படுத்திருந்தவர்கள் போய்விட்டார்கள், நான் போகவில்லை. அறைக்குத் திரும்பிய அன்று பழக்கத்தில் ஒரு பிடி அரிசி எடுத்து ஊதி மோந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. கற்பூரத்தை மோந்தேன். மண்ணெண்ணெயை மோந்தேன். சாக்கடைக் கல்லைத் தூக்கிக் குனிந்து பார்த்தேன். எல்லாம் காற்று. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பியது என்றார்கள். எனக்குத் திரும்பவே இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எதற்காக என்னை வைத்துக்கொள்வார்? மூட்டை தூக்க என்னைவிட வயது குறைந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சொல்லவில்லை.

பொய் சொல்வது சுலபமாக இருந்தது. கையை மூடுவது, ஊதுவது, விரலிடுக்கில் மூக்கை வைப்பது, தலையை ஆட்டுவது. கண்ணாலும் விரலாலும் பார்த்து ஒப்பேற்றினேன். வாங்கும்போது நல்ல மண்டியாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு மழைக்காலம் அப்படியே போய்விட்டது.

மூன்றாவது வருஷம் மழைக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில். செடிகளிலிருந்து இறக்கிய எண்ணெயைக் கொண்டு தானியத்தில் பூஞ்சை வராமல் தடுப்பதுதான் அவள் வேலை. கிடங்கு கிடங்காகக் கேட்டுப் பார்த்துவிட்டு, யாரும் உள்ளே விடாமல் கடைசியில் எங்களிடம் வந்திருந்தாள்.

“எங்க வீட்டு மக்காச்சோளம் ஒரு வருஷம் மழையில மாட்டிக்கிச்சுங்க” என்றாள். “காய வச்சு மாட்டுக்குப் போட்டோம். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாடும் போச்சு. அந்தப் பூஞ்சை விடுற விஷம் ஈரலைப் பிடிக்குமாம். அப்புறந்தான் தெரிஞ்சுது.”

தளிகை சாமி உள்வாசலில் நின்றபடி கேட்டார். “அந்த எண்ணெய்ல பெருமாளுக்கு ஆகாத வஸ்து ஒண்ணும் கிடையாதே?”

“எலுமிச்சம்புல்லுங்க சாமி. வெறும் செடி.”

“துளசியும் செடிதான், ஊமத்தையும் செடிதான்.”

அவள் சிரித்துவிட்டாள். “இது டீயில போட்டுக் குடிக்கிறதுங்க.”

ஒவ்வொரு மழைக்கும் இரண்டு மூட்டையாவது கெட்டுப்போவது வழக்கம் என்பதால் அவர் சம்மதித்தார். ஆறு நீல டிரம் வந்தது. இறுக்கிப் பூட்டும் மூடி. ஐந்து டிரம்மில் மூடியின் உட்புறம் எண்ணெயில் தோய்த்த பஞ்சைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். அரிசியில் எண்ணெய் படாது, ஆவிதான் இறங்கும். ஆறாவது டிரம்மில் எதுவும் வைக்கவில்லை. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, கடைசிவரை அதைத் தொட வேண்டாம் என்றாள். மாதம் ஒருமுறை வந்து ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் அரிசி எடுத்துப் போய்க் கல்லூரியில் சோதிப்பாள்.

எனக்கு இரண்டு விஷயம் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். “அண்ணே, நல்லாக் காஞ்ச அரிசி மட்டுந்தான் உள்ள போகணும். பூஞ்சை வந்துட்ட அரிசியை இதுல போட்டு எடுத்துடலாம்னு நெனைக்காதீங்க. எண்ணெய் பூஞ்சையை வளர விடாது, அவ்வளவுதான். அது ஏற்கெனவே விட்டுவச்ச விஷம் அப்படியே இருக்கும். கழுவினாலும் போகாது, வேக வச்சாலும் போகாது.”

தலையாட்டினேன். நான் அப்போது வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சி “என்ன வாசனை!” என்றார்கள். இனி இந்த அறையில் யாருடைய மூக்கும் உதவாது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

“இந்த வாசனைலயும் உமக்குத் தெரியறதா ஓய்?” என்று தளிகை சாமி ஒருநாள் கேட்டார்.

“தெரியுது சாமி.”

“மூக்கா அது!” என்று சொல்லிக்கொண்டு போனார்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. டிரம்மில் கொள்ளாத மூன்று மூட்டையைச் சுவரோரம் பலகை மேல் அடுக்கியிருந்தேன். பின்சுவரில் நீர் இறங்கியிருக்கிறது. ஒருநாள் அடிமூட்டையை இழுத்தபோது சாக்கு கையோடு வந்தது. உள்ளே அரிசி கட்டி கட்டியாகப் பச்சை பூத்திருந்தது. ஒரு வாரமாவது நனைந்திருக்கும். மூக்கு இருந்திருந்தால் இரண்டாம் நாளே அறை முழுவதும் சொல்லியிருக்கும்.

அதுதான் சிக்கல். மூட்டையை வெளியே கொட்டினால், ஒரு வாரமாக உமக்குத் தெரியவில்லையா என்ற கேள்வி வரும். பச்சையாக இருந்த கட்டிகளைப் பொறுக்கி வீசினேன். மீதியை உதிர்த்து, மழை விட்ட நேரங்களில் மொட்டை மாடியில் காயப்போட்டேன். சலித்தேன், புடைத்தேன். இரண்டு நாளில் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. ஒரே டிரம்மில் போட மனம் வரவில்லை. ஐந்து பங்காகப் பிரித்து, எண்ணெய் வைத்த ஐந்து டிரம்மிலும் போட்டு, முழங்கை வரை கைவிட்டுக் கலக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் ஒன்றும் செய்யாது, மருந்து பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆறாவது டிரம்மில் மருந்து இல்லாததால் அதில் போடவில்லை. அவள் சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் போட்டேன்.

அந்தச் சோற்றை ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. எண்ணெயின் வாசனை சோற்றில் லேசாக நின்றிருக்கிறது. “கோயில் தீர்த்தம் மாதிரி மணக்குது சாமி” என்று ஒருவர் சொன்னதும் தளிகை சாமிக்கு முகம் மலர்ந்தது. “நானும் இத்தனை வருஷமா அடுப்புல வேகறேன், சாதம் மணக்கறதுன்னு ஒருத்தர் சொன்னதில்லை ஓய்” என்றார். எல்லோரும் போனபின் கடைசியில் உட்கார்ந்து அவரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். எனக்கு உப்பும் புளிப்பும் தவிர ஒன்றும் தெரியாது.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து, பன்னிரண்டு மணி வாக்கில் அந்தப் பெண் வந்தாள். கார்த்திகைக் கடைசியில் எடுத்துப்போன அரிசியின் சோதனை முடிவு கையில் இருந்தது. முகம் செத்திருந்தது. டிரம்மின் மேல் நோட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, எல்லாம் தலைகீழா வருது.”

“என்னம்மா?”

“எண்ணெய் வச்ச அஞ்சு டிரம்மிலயும் விஷம் இருக்கு. ஒண்ணுமே வைக்காத ஆறாவது டிரம் சுத்தமா இருக்கு. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன். எண்ணெய்தான் ஏதோ பண்ணுதுபோல. எங்க மேடத்துக்கிட்ட இது வேலைக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுத்துட்டு விட்டுடலாம்னு இருக்கேன்.” பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். “அந்த அஞ்சையும் இனிமே எடுக்காதீங்க அண்ணே. இன்னைக்கு எடுத்துட்டீங்களா?”

எடுத்திருந்தேன். சாதம் வடித்தாகிவிட்டது. இன்னும் கால் மணி நேரத்தில் பெருமாளுக்கு மணி அடிக்கும். வெளியே சந்தில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். குளிரில் இருமுகிற சத்தம் கேட்டது.

அவளிடம் அப்போதே சொன்னேன். நனைந்த மூட்டையை, கலந்ததை, எதற்காகக் கலந்தேன் என்பதை. மூக்கு போனதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, “அப்ப எண்ணெய் மேல தப்பு இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். கேட்டதற்கு அவளே வெட்கப்பட்டாள். “சாமிகிட்டச் சொல்லுங்க அண்ணே. இப்பவே சொல்லுங்க.”

உள்வாசலில் போய் நின்றேன். தளிகை சாமி வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, சாதத்தைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். பெருமாளுக்குக் காட்டும்வரை பேசமாட்டார். என்ன என்று கண்ணால் கேட்டார். நான் வாசலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கரண்டி அவர் கையில் அப்படியே இருந்தது.

துணியை அவிழ்த்தார். “எத்தனை நாளா?”

“கார்த்திகைப் பாதியிலேருந்து.”

“அத்தனை நாளும் பெருமாளுக்கு அதையா காமிச்சேன்?”

கரண்டியைக் கீழே வைத்தார்.

“வெளியில உட்கார்ந்திருக்காளே, அவாளுக்கு என்ன ஆகும்?” என்று எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைக் கேட்டார்.

“தெரியலைங்க சாமி. கொஞ்சமாத்தான் இருக்கு. ஒரே நாள்ல ஒண்ணும் ஆகாது. ஒண்ணுமே ஆகாமலும் போகலாம். பல வருஷம் கழிச்சு ஈரல்ல வந்தாலும் அது இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறேள்.”

“ஆமாங்க.”

அவர் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார். வடித்த சாதத்தைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டச் சொன்னார். நான் தோண்டினேன். அக்கம்பக்கத்து மாடு ஒன்று வேலிக்கு மேல் கழுத்தை நீட்டியது. அந்தப் பெண் ஓடிவந்து அதை விரட்டினாள். மாட்டுக்கும் ஆகாது, பாலில் இறங்கும் என்றாள். ஐந்து டிரம் அரிசியையும் அதே குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளி மிதித்தேன். ஆறாவது டிரம்மைத் திறந்து மறுபடி உலை வைத்தார்கள்.

பந்தி ஒன்றரை மணி நேரம் தாமதமானது. இலை போட்டதும் தளிகை சாமி கரண்டியில்லாமல் வந்து பந்திக்கு நடுவில் நின்றார். கை கூப்பினார்.

“இந்த இருபது இருபத்தஞ்சு நாளா உங்களுக்குப் போட்ட சாதத்துல அரிசி கெட்டுப்போயிருந்தது. பூஞ்சை விஷம். எங்களுக்குத் தெரியாம நடந்துடுத்து. யாருக்காவது வயித்துல, ஈரல்ல ஏதாவது பண்ணினா வந்து சொல்லுங்கோ. பெரியாஸ்பத்திரிக்கு அடியேன் கூட்டிண்டு போறேன்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் கத்தவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவர் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே கேட்டார். “இன்னைக்குச் சோறு நல்லதுதானுங்களே?”

“நல்லது.”

“அப்ப போடுங்க சாமி. மணி ரெண்டாகப் போவுது.”

நான் சாதம் போட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் “இன்னைக்கு அந்த வாசனையைக் காணோமே” என்றார்.

எல்லாம் முடிந்தபின் என் பையில் இரண்டு வேட்டியையும் சட்டையையும் வைத்துக்கொண்டு அவரிடம் சொல்லப் போனேன். அவர் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“எங்கே கிளம்பிட்டீர்?”

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு, சாமி.”

“இரும். உம்மைப் போகச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. உமக்கு மூக்கு போயிடுத்து. எனக்கு இருந்தது, நான்னா மூடிண்டேன்.” “ஆனா நீர் சொல்லியிருக்கணும் ஓய்” என்றார். பையைத் திரும்ப அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாளிலிருந்து அவரே விடியற்காலையில் வெளி அறைக்கு வந்து அரிசியைக் கையில் எடுத்து மோந்தார். ஊதுவது அவருக்குச் சரியாக வரவில்லை, நான் காட்டிக்கொடுத்தேன். மோந்து முடித்ததும் மார்கழிக் குளிரில் மறுபடியும் காவிரிக்குப் போய் முழுகிவிட்டு, ஈரத் துணியோடு வந்து அடுப்பை மூட்டினார். தினமும் இரண்டு முழுக்கு. இருமல் பிடித்துக்கொண்டது. பெருமாளுக்குக் கெட்ட அரிசியைக் காட்டிவிட்டார் என்று அந்தச் சந்தில் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவரும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

அந்தப் பெண் பஞ்சுத் துணிகளைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். முதலிலிருந்து தொடங்க வேண்டும், எங்கள் வீட்டில் இல்லை, வேறு எங்காவது என்றாள். போகும்போது வாசலில் நின்று, “ஒருநாள் ரத்தம் எடுத்துப் பாருங்க அண்ணே. நீங்களும் சாப்பிட்டிருக்கீங்க” என்றாள். இன்னும் எடுக்கவில்லை.

பரிமாறுவது இப்போது என் வேலை. மூக்கு இல்லாதவனுக்கு அது போதும். ஆனால் சாதம் போடக் குனியும்போது நான் இலையைப் பார்ப்பதில்லை. அவர்கள் கண்ணைப் பார்க்கிறேன். வெள்ளை விழி மஞ்சளாக இருக்கிறதா என்று. வெயிலில் அலைகிறவர்கள் கண் எல்லாமே கொஞ்சம் மஞ்சள்தான். எது எதனால் என்று யாருக்குத் தெரியும்? சிலர் தொடர்ந்து வருகிறார்கள். சிலர் வராமல் போகிறார்கள். இந்த மாதிரிப் பந்திக்கு வருகிறவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை, நான் மட்டும் விசாரிக்கிறேன். ஊருக்குப் போயிருப்பாங்க என்பார்கள்.

போன வாரம் பூ கட்டுகிற அம்மா ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டாள். “என்ன தம்பி, மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கா? தெனம் இப்படிப் பார்க்குறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

எப்போதும் மூன்றாவது தடவைக்கும் கை நீட்டுகிறவள் அவள். அன்றைக்கு இலையின் மேல் கையை விரித்து மறித்தாள்.

“போதும்ப்பா. இப்பல்லாம் முன்ன மாதிரி உள்ள எறங்க மாட்டேங்குது.”